மூட்டுக்குள் ஓர் ஊசி

முழங்காலில் சிறு துளையிட்டுச் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி முடிந்ததும், பியூபிவகெய்ன் போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தை மூட்டுக்குள்ளேயே செலுத்துவதுண்டு. வலி பிறக்கும் இடத்திலேயே அதை மறிப்பது நல்ல யோசனைதான். ஆனால் அந்த மருந்தின் ஆயுள் சில மணி நேரம். அதற்குமேல் எதிர்பார்ப்பதில்தான் சிக்கல். 1991-இல் ஆய்வாளர் கிறிஸ்டோஃப் ஸ்டெயின் குழுவினர், மூட்டுக்குள் போட்ட மிகச் சிறிதளவு மார்ஃபின் வலியைத் தணித்ததாக எழுதியபோது பெரும் நம்பிக்கை எழுந்தது. மார்ஃபின் என்றாலே மூளையை மயக்குவது என்று நினைத்திருந்தோமே! ஆனால் 2016-இல் மருத்துவ ஆய்வுகளைத் திறனாயும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், ஒரு மில்லிகிராம் மார்ஃபின் மருந்தில்லாப் போலி ஊசியைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

மரத்துப்போகச் செய்யும் மருந்து குருத்தெலும்பைக் கெடுக்காதா என்பது நியாயமான கேள்வி. 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 35 பேரின் பாதிப்பைச் சுட்டி எச்சரித்தது. ஆனால் அவர்களுக்கு, பெரும்பாலும் தோள் மூட்டில், பம்ப் வைத்து இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் மருந்து செலுத்தியிருந்தார்கள். ஒற்றை ஊசியை அதோடு சேர்த்து எண்ணக் கூடாது. சரி, ஊசி இல்லாமல் வலி மாத்திரை மட்டும் போதாதா? பலருக்குப் போதும். ஊசி போட்டவருக்கும் மாத்திரை வேண்டும், அதுவும் மரப்பு விலகுவதற்கு முன்பே. வலி ஏறிய பிறகு மாத்திரையைத் தேடுவது, வெள்ளம் வந்தபின் அணை போடுகிற கதை. எந்த மாத்திரை என்பதை, உங்கள் சிறுநீரகத்தின் நிலையையும் வயிற்றுப்புண் உண்டா என்பதையும் அறிந்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.