கல்லூரி மாணவரும் வரவு செலவும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் சமுதாய வரலாற்றைப் பேசுவது வழக்கம். அதனைப் பேச அறிஞர் பலர் வந்துள்ளனர். நமக்கு அளிக்கப்பட்டுள்ள பொருளோ மிகச் சிறியது போலத் தோன்றுவது. உயர்கல்வி பயிலும் நம் பிள்ளைகள் கையில் வரும் பணத்தை எவ்வாறு திட்டமிட்டுச் செலவிட வேண்டும் என்பதே அது. அரசுப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றி வரும் நாம் ஒன்றைக் கண்டிருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுக் கல்லூரி சென்ற பிள்ளைகளுள் சிலர் இரண்டாம் ஆண்டிலே திரும்பி வந்து விடுகின்றனர். காரணம் கேட்டால் அறிவுக் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. தேர்வுக் கட்டணம் கட்ட இயலவில்லை, உதவித்தொகை வந்து சேரவில்லை, வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேலைக்குப் போனேன் என்கின்றனர். சில நூறு ரூபாய் உரிய நாளில் கையில் இல்லாமையால் ஒரு பட்டம் கைநழுவிப் போகிறது. எனவே இப்பொருள் சிறியதன்று.

முதலில் நம் ஊர்ப்புறத்து நீரைச் சற்று நினைத்துப் பாருங்கள். இராசபாளையத்திற்கு மேற்கே மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் கோவில் இருக்கிறது. அதன் அருகே இறங்கி வரும் ஆறு மழைக்காலத்தில் பெருக்கெடுத்து ஓடும். கோடையிலோ பாறைதான் தெரியும். ஆயினும் இராசபாளையம் மக்கள் கோடையிலும் குடிநீர் பெறுகின்றனர். ஆற்று நீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேக்கப்பட்டு அளவாகத் திறந்து விடப்படுவதே அதற்குக் காரணம். மழை நாள்தோறும் பெய்வதில்லை. தாகம் மட்டும் நாள்தோறும் எடுக்கிறது.

நம் மாணவர்தம் வரவும் அந்த ஆறு போன்றதே. மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு முதல் தேதியன்று தந்தை பணம் அனுப்புவார். அவர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரை நூல்கள் மாத வருமானத்தை இத்தனை பங்காகப் பிரியுங்கள் என்று சொல்லும். நம் வீடுகளிலோ வரவு அவ்வாறு வருவதில்லை. மாங்காய்ப் பருவத்தில் தோப்பு வேலை உண்டு. நடவிலும் அறுப்பிலும் வயல் வேலை உண்டு. ஆலையிலும் சத்திரப்பட்டித் தறியிலும் வேலை இருக்கும் வாரமும் உண்டு, இல்லாத வாரமும் உண்டு. அரசு உதவித்தொகை ஆண்டுக்கொரு முறை வருகிறது. அதுவும் எந்த மாதத்தில் என்று எவராலும் உறுதி கூற முடிவதில்லை. ஆகவே நம் பிள்ளைகள் மாதக் கணக்குப் போடுவதனால் பயன் குறைவு. பருவக் கணக்குப் போட வேண்டும்; ஒரு பருவத்தேர்வு முதல் அடுத்த பருவத்தேர்வு வரை ஆறு மாதத்தை ஓர் அலகாகக் கொள்ள வேண்டும்.

இனி வரவுகளை எண்ணுவோம். பட்டியல் வகுப்பு மாணவர்க்கான பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட கல்வி உதவித்தொகைத் திட்டம் 1944 இல் தொடங்கப்பட்டது. அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, 1942 இல் அளித்த கோரிக்கை மனுவில் நம் மக்களின் உயர்கல்விக்கு அரசுப் பணம் ஒதுக்கப்பட வேண்டும் என வாதாடினார். அந்த வாதத்தின் விளைவுகளுள் ஒன்றே இத்திட்டம். எனவே இதனை எவரும் பிச்சையாகக் கருதித் தலைகுனிந்து வாங்க வேண்டாம். உரிமையாக வந்ததைக் கணக்கோடு கையாளுவதுதான் அதனைப் பெற்றுத் தந்தவர்க்கு நாம் செய்யும் மரியாதை.

2021 இல் வெளியான திருத்திய நெறிமுறைகள், மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் ஏற்க வேண்டும் என்றும், பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றும் வகுத்தன. கட்டாயக் கட்டணங்கள் நீங்கலாக, படிப்புப்படி என ஒரு தொகை உண்டு. மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற் பட்டப் படிப்புகளுக்கு விடுதி மாணவர்க்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து சென்று வருவோர்க்கு 7,000 ரூபாய்; கலை, அறிவியல் பட்டப் படிப்புகளுக்கு விடுதி மாணவர்க்கு 6,000, மற்றவர்க்கு 3,000 என அந்நெறிமுறைகள் நிர்ணயித்தன. இதனுடன் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களுக்கு 2022 இல் புதுமைப் பெண் திட்டத்தையும், ஆண்களுக்கு 2024 இல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தையும் தொடங்கி மாதம் 1,000 ரூபாய் வழங்க முற்பட்டது. தொகைகள் காலத்துக்குக் காலம் மாறக்கூடும். கணக்குப் போடும் முறை மாறாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு மாணவரின் ஆதார் இணைந்த வங்கிக் கணக்கிலேயே நேராக வரவாகிறது. அதில் கல்லூரிக்குச் செலுத்த வேண்டிய கட்டணமும் அடங்கியிருக்கலாம். கணக்கில் திடீரென ஒரு பெருந்தொகை தெரிந்ததும் அனைத்தும் நமதே என மயங்கிக் கைப்பேசி வாங்கியவர்களும், வீட்டுக் கடனை அடைத்தவர்களும் உண்டு. பின்னர்க் கல்லூரி கட்டணத்தைக் கேட்டபோது அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வந்த தொகையில் கட்டணம் எவ்வளவு, படி எவ்வளவு என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிந்து, கட்டணத்தை அன்றே செலுத்திப் பற்றுச்சீட்டு வாங்கிவிடுங்கள்.

கணக்குப் போடும் முறைக்கு வருவோம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதற் பக்கத்தில் இந்தப் பருவத்தில் கட்டாயம் வரும் செலவுகளை அவை வரும் நாளோடு எழுதுங்கள். தேர்வுக் கட்டணம் எந்த வாரம், செய்முறைப் பதிவேடு எந்த மாதம், சான்றிதழ் புதுப்பிப்பு எப்போது என நாள் தெரிய வேண்டும். இரண்டாம் பக்கத்தில் வரவுகளை எழுதுங்கள். அவற்றை உறுதியான வரவு, உறுதியற்ற வரவு என இரண்டாகப் பிரியுங்கள். உறுதியான செலவுக்கு உறுதியான வரவையே ஒதுக்க வேண்டும். வரும் என்று சொல்லப்படுகின்ற பணத்தை, அது கைக்கு வரும் வரையில் வரவாக எழுதவே கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். எண்கள் விளக்கத்திற்காக மட்டுமே. திருவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கல்லூரி சென்று வரும் இளங்கலை மாணவி ஒருத்தி. மாதம் 1,000 வீதம் அரசுத் தொகை ஆறு மாதத்திற்கு 6,000. வீட்டிலிருந்து மாதம் 500 வீதம் 3,000. ஆக உறுதியான வரவு 9,000 ரூபாய். நகரப் பேருந்தில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 இல் வந்ததனால் பெரும்பகுதிப் பயணச் செலவு அவளுக்கு இல்லை; சிற்றுந்துக்கும் பகிர்வு ஆட்டோவுக்கும் 1,200. தேர்வுக் கட்டணம் 1,000. நூல், நோட்டுகள் 1,200. தேநீர், சிற்றுண்டி 3,000. கைப்பேசிக் கட்டணம் 1,500. சோப்பு முதலிய சில்லறைச் செலவு 600. ஆகச் செலவு 8,500. மீதம் 500 ரூபாய். ஆண்டு உதவித்தொகையான 3,000 ரூபாயை அவள் இக்கணக்கில் சேர்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது தாமதமானாலும் அவள் படிப்பு நிற்காது. வந்து சேர்ந்த பின்னர், மூன்றில் ஒரு பங்கை அடுத்த ஆண்டு நூல்களுக்கும், ஒரு பங்கை அவசர இருப்பாகவும், ஒரு பங்கை வீட்டுக்கும் அவள் ஒதுக்கலாம்.

வீட்டுக்கு என்று சொன்னதும் சிலர் வியக்கலாம். படிக்கும் பிள்ளை வீட்டுக்குப் பணம் தரலாமா என்று பிற சமூகத்தார் கேட்பர். நம் நிலைமை நமக்குத் தெரியும். தாய்க்கு மருந்து வாங்க வேண்டும், தங்கைக்குச் சடங்கு வருகிறது, கூரை ஒழுகுகிறது. கல்லூரிப் பிள்ளையின் கணக்கில் பணம் இருப்பதை அறிந்த குடும்பம் கேட்கத்தான் செய்யும். அதனைக் குற்றம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் எவ்வளவு தர முடியும் என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் நோட்டை விரித்துக் காட்டிப் பேசி முடிவு செய்துவிட வேண்டும். எழுத்தறியாத தாயும் கணக்கறியாதவள் அல்லள். தேர்வுப் பணம் இது, இதைத் தொட்டால் ஓராண்டு போய்விடும் என்று மகள் விளக்கினால் தாய் அதைத் தொடச் சொல்லமாட்டாள்.

அண்ணலின் வாழ்க்கையே இதற்குச் சான்று. 1913 இல் பரோடா அரசின் உதவித்தொகையாக மாதம் பதினொன்றரைப் பவுன் பெற்று அவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அதற்குள் உணவு, உறையுள், நூல் அனைத்தையும் அடக்கினார். வீட்டுக்கும் அதிலிருந்தே அனுப்பினார். பழைய நூற்கடைகளில் தேடித் தேடி ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்கள் சேர்த்தார். பின்னர் இலண்டனில் பயின்றுகொண்டிருக்கையில் உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917 இல் படிப்பைப் பாதியில் நிறுத்தி நாடு திரும்ப நேர்ந்தது. அத்தகைய பேரறிஞரின் படிப்பையும் பணமே நிறுத்தியது. அவர் என்ன செய்தார்? 1918 இல் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியராகிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். நண்பர் ஒருவரிடம் கடனும் பெற்றார். 1920 இல் மீண்டும் இலண்டன் சென்று அரைவயிறு உண்டு படித்து முடித்தார். நாட்டின் நாணயம் பற்றிய அவருடைய ஆய்வு நூல் 1923 இல் அச்சேறியது. அரசாங்கங்களின் வரவு செலவை ஆராய்ந்த அறிஞர் தம் சொந்த வரவு செலவிலும் கண்டிப்பாக இருந்தார் என்பதை நம் பிள்ளைகள் நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்து, கடன். பணமுடை வந்தால் முதலில் கதவைத் தட்டுபவர் வட்டிக்காரர். பத்து வட்டி என்று எளிதாகச் சொல்கிறார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய் என்றால் ஆண்டுக்கு 120 ரூபாய் ஆகிறது. 5,000 ரூபாய் வாங்கினால் மாதம் 500 வட்டி. பத்து மாதத்தில் வட்டியாக 5,000 கட்டிய பின்னரும் அசல் 5,000 அப்படியே நிற்கும். கந்துவட்டியைத் தடுக்க 2003 இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. எனினும் சட்டம் வரும் வரை காத்திராமல் நாமே விலகி நிற்பது நலம். இப்போது வட்டிக்காரர் கைப்பேசிக்குள்ளேயே குடியேறிவிட்டார். கடன் செயலிகள் சில நொடியில் பணம் தந்து, பின்னர்க் கைப்பேசியிலுள்ள உறவினர் எண்களுக்கெல்லாம் அழைத்து மானத்தை வாங்குகின்றன. 2022 இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி, ஆண்டு வட்டி எவ்வளவு என்பதைக் கடன் பெறுமுன்னரே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவ்வாறு தெரிவிக்காத செயலியை ஏறெடுத்தும் பார்க்காதீர்கள்.

கடன் தவிர்க்க முடியாததாயின் வங்கிக் கல்விக் கடனை நாடுங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 இலட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை வேண்டியதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணையும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அக்காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதை மறவாதீர்கள். அரசு உதவித்தொகையால் முடியும் படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள். அரசு தரும் கட்டணச் சலுகைகளை முதலில் கேட்டுப் பார்த்த பின்னரே கடனை நினையுங்கள். அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்படிப்புகளில் ஏழரை விழுக்காட்டு ஒதுக்கீடு வந்தபோது, அவ்வகையில் சேர்வோரின் கட்டணத்தை ஏற்பதாக மாநில அரசு அறிவித்ததை எத்தனை பெற்றோர் அறிவர்?

வேறொன்றும் சொல்ல வேண்டும். உடன் பயில்வோர் உணவகம் செல்வர், சுற்றுலா செல்வர், பிறந்தநாள் விருந்து வைப்பர். போகாவிட்டால் ஏழை என்று எண்ணிவிடுவார்களோ என்று நம் பிள்ளைகள் கூசுகின்றனர். சாதியால் ஏற்கெனவே பட்ட புண் இருப்பதனால் இக்கூச்சம் நமக்கு இரட்டிப்பாகிறது. இல்லாததை இல்லை என்று நிமிர்ந்து சொல்லிப் பழகுங்கள். மகிழ்ச்சிக்கென ஒரு சிறு தொகையைக் கணக்கிலேயே ஒதுக்கிக் கொள்ளுங்கள். அது தீர்ந்தபின் அடுத்த பருவம் என்று சொல்லிவிடுங்கள். வரவு சிறிதாயினும் செலவின் வழி அதனினும் அகலாதிருந்தால் கேடில்லை என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் கூறும் கருத்து அரசர்க்கு மட்டும் உரியதன்று. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பாட்டிமார் வாக்கு.

இறுதியாக ஒரு விண்ணப்பம். இது மாணவர்க்கன்று, சங்கத்தார்க்கு. தனி மாணவர் எவ்வளவு கணக்காக இருப்பினும், வர வேண்டிய பணம் வராவிடில் தவிக்கத்தான் செய்வார். தாமதத்தின் சுமையை மாணவர் தலையில் மட்டும் ஏற்றுவது நீதியாகாது. நம் மாவட்டத் தலைநகராகிய விருதுநகரில் வீடுதோறும் பிடியரிசி சேர்த்தும், வணிகத்தில் மகமை திரட்டியும் கல்விச்சாலை வளர்த்த வரலாற்றை நாம் அறிவோம். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916 இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய வரலாற்றையும் அறிவோம். பணக்காரர் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நம் சங்கத்தில் பணியிலிருக்கும் ஆசிரியர்களும் அலுவலர்களும் மாதந்தோறும் ஒரு சிறு தொகை ஈந்து ஒரு சுழல் நிதி அமைக்க வேண்டும். தேர்வுக் கட்டணம் கட்ட முடியாத மாணவர்க்கு அதிலிருந்து வட்டியின்றிக் கொடுக்க வேண்டும். உதவித்தொகை வந்ததும் மாணவர் திருப்பிச் செலுத்த, அதே பணம் அடுத்த மாணவர்க்குப் போகும். கணக்கை மாணவர்களே எழுத, பெரியோர் தணிக்கை செய்யட்டும். அந்நிதிக்கு நம் ஒரு மாதச் சம்பளத்தை இம்மேடையிலேயே முதற் காணிக்கையாக அளிக்கிறோம்.

பொன்விழா வரும்போது இந்த ஊரிலிருந்து கல்லூரி சென்றவருள் எத்தனை பேர் பட்டம் பெற்றுத் திரும்பினர் என்று சங்கம் எண்ணிப் பார்க்கட்டும். கட்டணம் இல்லாமையால் இடையில் நின்றவர் எவருமிலர் என்று அந்நாளின் மலரில் அச்சிட வேண்டும். அதற்கான கணக்கை இன்றே தொடங்குவோம்.