வட்டம் சுத்தும்போது அந்தப் பக்கம் என்ன நடக்கிறது?

'கட்டணம் செலுத்து' பட்டனை அழுத்துகிறோம். திரையில் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. பொறுமை போய் மறுபடி அழுத்தலாமா என்று கை துறுதுறுக்கும். பணம் இரண்டு தடவை போயிடுமோ என்ற பயம் வேற. அந்தச் சில நொடிகளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முன்பெல்லாம் ஒரு சேவைக்கு ஒரு சர்வர், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் இரவு பகலாக ஓடும். 2014-ல் அமேசான் 'லாம்டா' என்று ஒன்றை அறிவித்தது. புரோகிராமின் சின்னத் துண்டைக் கொடுத்தால் போதும். கோரிக்கை வந்தால் மட்டும் அது வேலை செய்யும், அந்த நேரத்துக்கு மட்டும் வாடகை. சொந்தக் கார் வைக்காமல் ஆட்டோ பிடிப்பது மாதிரி. இதற்கு 'சர்வர்லெஸ்' என்று பெயர். பெயரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க, சர்வர் இருக்கத்தான் செய்கிறது. அதைப் பராமரிக்கும் வேலைதான் நமக்கு இல்லை.

ஆட்டோ ஸ்டாண்டில் சவாரி வராமல் டிரைவர் அசந்து தூங்கினால், எழுப்பி வண்டியைக் கிளப்ப நேரமாகும் இல்லையா? இங்கேயும் அப்படித்தான். கொஞ்ச நேரம் யாரும் வராவிட்டால் அடுத்து வருபவர் சற்றுக் காத்திருக்கணும். வட்டம் சுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் துண்டுகளைப் பலர் ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறார்கள். பணம் வசூலிக்கும் நிறுவனத்தோடு பேச, அந்த நிறுவனமே தயாராக எழுதித் தரும் 'கிளையன்ட் லைப்ரரி'யைச் சேர்த்துக்கொள்வார்கள். இது சர்வர் பக்கம்தான் இருக்கணும். ஏனென்றால் இதற்கு ஒரு ரகசியச் சாவி வேண்டும். போனில் இறங்கிய செயலியை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். சாவி அங்கே இருந்தால் திருட்டுப்போகும்.

இனிதான் முக்கியமான விஷயம். ஸ்ட்ரைப் போன்ற நிறுவனங்களின் லைப்ரரியில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுக்க வசதி உண்டு. அதே எண் மறுபடி வந்தால் புதிதாகப் பணம் எடுக்காமல் பழைய பதிலையே திருப்பித் தரும். அருமையான ஏற்பாடு. ஆனால் நீங்கள் இரண்டாவது தடவை அழுத்தும்போது செயலி புது எண்ணை அனுப்பினால்? அது தனிக் கட்டணம்தான். எழுதியவர் எப்படி எழுதியிருக்கிறார் என்று வெளியிலிருந்து நமக்குத் தெரியாது.

அதனால் மறுபடி அழுத்தும் முன் வங்கியின் எஸ்எம்எஸ் வந்திருக்கிறதா, செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்க. யுபிஐயில் பணம் கழிந்தும் வணிகருக்கு உறுதிச் செய்தி போகவில்லையென்றால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்பணும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ரிசர்வ் வங்கியின் 2019-ஆம் ஆண்டு சுற்றறிக்கை இது. இரண்டு கட்டணமும் வெற்றிகரமாகப் போயிருந்தால் இந்த விதி உதவாது. பணம் வாங்கிய நிறுவனத்திடம்தான் திரும்பக் கேட்கணும். அதற்கு இரண்டு பரிவர்த்தனை எண்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.