வீட்டுக் கல்வியும் சிக்கனமும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் வித்துரா என்னும் ஊரை அடையலாம். அங்கிருந்து ஒரு சாலை பொன்முடி மலைக்கு ஏறுகிறது. மற்றொன்று போணக்காட்டுக்குச் செல்கிறது. கிழக்கே அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இந்த மலைச்சரிவுகளில் தேயிலை பயிரான நாளில் அதைப் பயிரிடவும் பறிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் பல. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இப்பக்கத்தில் வாழ்கின்றனர். மருதமலையில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தை முன்னிட்டு வந்தோருள்ளும் தமிழர் உண்டு. தமிழ் முனிவர் என்று போற்றப்படும் அகத்தியரின் பெயர் தாங்கிய மலையின் அடியில் வாழும் நம் பிள்ளைகளுள், தமிழைப் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர் பலர். இது வித்துராவுக்கு மட்டும் உரிய நிலை அன்று. பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் தத்தம் ஊரிலும் இதைக் கண்டிருப்பார்கள்.

கேரளத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும் மலையாளம் கட்டாயப் பாடமாகும். இது முறையே, வாழும் நாட்டின் மொழியைக் கற்பது கடமை. ஆங்கிலத்தையும் பள்ளி பார்த்துக்கொள்ளும். தமிழ்தான் வீட்டின் பொறுப்பாக எஞ்சுகிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்துவன போன்ற பள்ளிகள் எல்லா ஊரிலும் இல்லை. ஆகையால் பகலெல்லாம் உழைத்துவிட்டு வரும் தாயும் தந்தையுமே இரவில் ஆசிரியராக வேண்டியிருக்கிறது. அவர்களுக்குப் பணமும் குறைவு, நேரமும் குறைவு. இந்த நிலையில் கைப்பேசியைத் திறந்தால், எழுத்து அட்டை, ஒலிக்கும் புத்தகம், கட்டணப் பாடம், பாதி விலை, இன்றே கடைசி நாள் என்று கடைகள் வரிசையாக அழைக்கின்றன. எதை வாங்குவது, எதை விடுவது? இதைக் குறித்தே இன்று சில சொற்கள் கூறக் கருதுகிறோம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. இணையத்தில் வாங்குவோருக்கு இதைவிடச் சிறந்த அறிவுரை வேண்டியதில்லை. எந்தப் பொருளைக் கண்டாலும், இது தேவைதானா, விலையின்றிக் கிடைக்குமா, இரவலாகக் கிடைக்குமா, பலர் சேர்ந்து வாங்கலாமா என்னும் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். நான்குக்கும் விடை கண்ட பிறகே விலையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் விலையையே முதலில் பார்க்கின்றனர்.

தேவை என்பதை முதலில் ஆராய்வோம். தமிழ் எழுத்துகள் 247 என்றவுடன் பெற்றோர் மலைத்துப் போய், அத்தனைக்கும் அட்டை வாங்க முற்படுகின்றனர். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்னும் 31 எழுத்துகளையும், உயிர்மெய்க்குரிய சில குறிகளையும் கற்றால் போதும். எஞ்சியவை கூட்டிப் படிக்க வருவனவே. மேலும் மலையாள எழுத்தறிந்த குழந்தைக்குப் பாதி வேலை முன்னரே முடிந்திருக்கிறது. எகர ஏகார ஐகாரக் குறிகள் எழுத்தின் இடப்பக்கத்தில் வருவதும், ஒகர ஓகாரக் குறிகள் இருபுறமும் நிற்பதும் அதற்குப் புதியன அல்ல. குறில் நெடில் வேறுபாட்டையும், ழகர றகர ஒலிகளையும் அது நன்கு அறியும். உகரமும் டகரமும் யகரமும் இரு மொழியிலும் உருவத்தால் நெருங்கியவை. பள்ளி கற்பித்த மலையாளத்தையே படிக்கட்டாகக் கொண்டால், ஒரு பலகையும் சிறிது சுண்ணக்கட்டியும் தொடக்கத்துக்குப் போதும். விலையுயர்ந்த பெட்டிகள் எதுவும் வேண்டியதில்லை.

அடுத்து, விலையின்றிக் கிடைப்பவை. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம், முதல் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பாடநூல்களைத் தன் இணையத்தளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளுமாறு வைத்திருக்கிறது. 2001-இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகம், வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் வாழும் தமிழரை மனத்திற்கொண்டு மழலைப் பாடம் முதல் பட்டப் படிப்பு வரை அமைத்திருக்கிறது. அதன் மின்நூலகமும் பெரிது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தன்னார்வலர் தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க இலக்கியம் முதல் இக்கால நூல்கள் வரை மின்வடிவில் இலவசமாக வழங்குகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில், படங்களுடன் கூடிய சிறுவர் கதைகள் தமிழ் உட்படப் பல மொழிகளில் உள்ளன. ஒரே கதையை மலையாளத்திலும் தமிழிலும் அருகருகே வைத்துப் படிக்கலாம் என்பது நம் போன்றோருக்கு அதனால் விளையும் தனிப்பயன்.

தமிழ்நாட்டில் எழுத்தாளர் பலரின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுள்ளன. பாரதியாரின் படைப்புகள் 1949-இலேயே நாட்டுடைமையாயின. இத்தகைய நூல்களை யாரும் அச்சிடலாம். ஆதலால் அவற்றுக்கு மலிவுப் பதிப்பும் உண்டு, இலவச மின்பதிப்பும் உண்டு. அதே நூலுக்குத் தடித்த அட்டையிட்டு மும்மடங்கு விலை சொல்லும் கடையும் உண்டு. நூலின் பெயரைத் தேடுமுன் அது நாட்டுடைமையானதா என்று அறிந்துகொண்டால் வீண் செலவு குறையும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இலவசமாக இறக்கிய பாடநூலை ஜெராக்ஸ் கடையில் முழுதும் அச்சிடுவது இலவசம் ஆகாது. ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 150 பக்க நூலுக்கு 300 ரூபாய் ஆகிவிடும். பாடநூல் கழகத்தின் அச்சு நூல் அதனினும் குறைந்த விலையில் கிடைக்கக்கூடும். எனவே பயிற்சிப் பக்கங்களை மட்டும் அச்சிட்டு, மற்றவற்றைத் திரையில் படிக்கலாம். முழு நூல் வேண்டுமாயின் அச்சு நூலையே வாங்கலாம். நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ உறவினர் இருப்பின், அவர்கள் வரும்போது கையோடு கொண்டுவரச் சொல்வது அஞ்சல் செலவையும் மிச்சப்படுத்தும்.

இரவல் என்னும்போது நூலகத்தை நினைக்க வேண்டும். கேரளத்தின் நூலக இயக்கம் பெருமை வாய்ந்தது. 1945-இல் பி. என். பணிக்கர் முயற்சியால் ஒன்றுசேர்ந்த நூலகச் சங்கமே பிற்காலத்தில் ஊர்தோறும் படிப்பகம் தழைக்க வழி செய்தது. திருவனந்தபுரத்து மாநில மத்திய நூலகம் 1829-இல் தோன்றியது. அங்கே தமிழ் நூல்களும் உள்ளன. ஊர் நூலகத்தில் தமிழ் நூல் இல்லையெனில் அதைக் குறை கூறுவதால் பயனில்லை. ஆண்டுதோறும் நூல் வாங்கும்போது சில தமிழ்ச் சிறுவர் நூல்களையும் சேர்க்குமாறு ஐந்தாறு குடும்பத்தார் கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்கலாம். கேளாதவருக்கு யாரும் கொடுப்பதில்லை.

கூட்டுறவும் ஒரு சேமிப்பே. நான்கு குடும்பங்கள் தலைக்கு இரண்டு நூல் வாங்கி மாற்றிக்கொண்டால், ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டு நூல் படிக்கக் கிடைக்கும். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் நேரு பால புத்தகாலய வரிசை இத்தகைய சிறு கூட்டத்துக்கு ஏற்றது. நல்ல இணைய இணைப்பு உள்ள ஒருவர் மின்நூல்களை ஒரு முறை இறக்கி மற்றவர்க்கு மாற்றிக் கொடுத்தால், மலைப்பகுதியில் இணைப்புக்காக வீணாகும் பொழுதும் மிஞ்சும்.

இனி, வாங்கியே தீர வேண்டியவற்றைக் காண்போம். பட்டியலில் காணும் விலை முழு விலை அன்று. அனுப்பும் கட்டணம், கையாளும் கட்டணம், திருப்பி அனுப்ப நேர்ந்தால் ஆகும் செலவு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே உண்மை விலை. 60 ரூபாய் நோட்டுப் புத்தகத்துக்கு 40 ரூபாய் அனுப்பும் கட்டணம் என்றால், வித்துராக் கடைத்தெருவில் 70 ரூபாய்க்குக் கிடைப்பதே மலிவு. அனுப்பும் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காக வேண்டாத பொருளைச் சேர்த்து வாங்குவது, ஓட்டைப் பானைக்கு மூடி வாங்குவதை ஒக்கும். அடிக்கப்பட்ட பழைய விலையையும் நம்ப வேண்டியதில்லை. அதே பொருள் வேறு இரண்டு இடங்களில் என்ன விலைக்கு விற்கிறது என்பதே அளவுகோல். பல பக்கங்கள் உள்ள நோட்டையும் சில பக்கங்கள் உள்ள நோட்டையும் ஒப்பிடும்போது, நூறு பக்கத்துக்கு என்ன விலை என்று கணக்கிட வேண்டும்.

காலம் அறிந்து வாங்குவதும் நன்று. 2025 செப்டம்பர் 22 முதல் பென்சில், அழிப்பான், வண்ணக்கோல், பயிற்சி நோட்டு ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. வரி நீக்கப்பட்டுள்ளது; பழைய வரியைச் சேர்த்து விலை சொல்லும் கடையை விட்டுவிடலாம். கேரளத்தில் பள்ளி திறக்குமுன் கன்சியூமர்ஃபெட் கூட்டுறவு நிறுவனம் நடத்தும் மாணவர் சந்தையில் நோட்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. 1977 முதல் நடைபெற்றுவரும் சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து விழுக்காட்டுத் தள்ளுபடி வழக்கம்; அந்நாளில் தம் இணையக் கடையிலும் தள்ளுபடி தரும் பதிப்பகங்கள் உண்டு. நூல்களை மலிவாக அனுப்புவதற்காக அஞ்சல் துறை 2025 மே 1 அன்று ‘கியான் போஸ்ட்’ என்னும் சேவையைத் தொடங்கியது. தொடங்கிய நாளில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி என்று கட்டணம் வகுக்கப்பட்டது. சிறு பதிப்பகத்தில் வாங்குவோர் இவ்வழியில் அனுப்ப இயலுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

மலிவை நாடும் மனத்தை ஏமாற்றவும் பலர் காத்திருக்கின்றனர். இன்னும் இரண்டே எஞ்சியுள்ளன என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், நாம் கேளாத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், இறுதியில் புதுக் கட்டணத்தை நுழைப்பதும் தந்திரங்கள். இத்தகைய 13 வகைகளை மத்திய அரசு 2023 நவம்பரில் வகுத்துத் தடை செய்துள்ளது. வாங்குவோரின் சம்மதத்தை முன்கூட்டியே குறியிட்டு வைக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் கூறுகின்றன. குறை இருப்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். பணம் மோசடியாகப் பறிபோனால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும், தாமதம் கூடாது. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை என்பதை வீட்டில் உள்ள முதியோர்க்கும் சொல்லி வைக்க வேண்டும்.

சில பெற்றோர் பிள்ளைகளின் கல்வி முழுவதையுமே வீட்டில் நடத்துகின்றனர். அவர்கள் பெருந்தொகை கேட்கும் பாடத்திட்டங்களை நாடுமுன், 1989-இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை அறிந்துகொள்வது நலம். 14 வயது நிறைந்தவர் அதன் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அதன் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாக உள்ளன. தேர்வுக் கட்டணத்தை மட்டும் முன்னரே திட்டமிட்டு ஒதுக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. பணத்தை அளப்பது போலவே பொழுதையும் அளக்க வேண்டும். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க இரவில் முக்கால் மணி நேரம் கைப்பேசியில் தேடும் தாய், அந்த முக்கால் மணியைத் தன் குழந்தையிடமிருந்து எடுக்கிறாள். எனவே தேவைகளை ஒரு தாளில் குறித்து வர வேண்டும். மாதத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் மட்டும் விலை பார்க்க வேண்டும். மற்ற நாளில் கடைப் பக்கத்தைத் திறக்கவே கூடாது. ஒரு மாதம் தாளில் கிடந்தும் தேவை என்று தோன்றும் பொருளே வாங்கத் தக்கது. மற்றவை தாமே நீங்கிவிடும்.

நாள்தோறும் 15 நிமிடம், ஆண்டில் 300 நாள் என்று கொண்டால் 75 மணி நேரம் ஆகிறது. அவ்வளவு நேரம் பெற்றோரின் அருகில் அமர்ந்து படித்த குழந்தை, தாத்தாவின் பழைய கடிதத்தை யார் உதவியும் இன்றிப் படிக்கும். பேருந்தின் பெயர்ப்பலகையில் ஊரின் பெயரை எழுத்துக் கூட்டும். அந்த 75 மணி நேரத்தை எந்தக் கடையும் விற்பதில்லை. அதை நம் வீட்டிலேயே தேடிக்கொள்ள வேண்டும். நேயர்கள் இன்றிரவே முதல் 15 நிமிடத்தை ஒதுக்குவார்கள் என்று நம்புகிறோம்.