பதினாறு இலட்சத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துநான்கு

வில்லியனூரிலும் பாகூரிலும் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் புரட்டித் திதியும் நட்சத்திரமும் பார்ப்போர் பலர். அக்கணிதத்தின் அடித்தளத்தில் நிற்கும் ஓர் எண்ணை அறிந்தோர் சிலரே. அவ்வெண் 16,00,984. மாணவ நண்பர்களே, அதன் இயல்புகளை இன்று ஆராய்வோம்.

கலியுகம் கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை தொடங்கிற்று என்பது பஞ்சாங்க மரபு. அன்று முதல் 16,00,984 நாள்கள் கழிந்த நாள் கி.பி. 1282 மே 22. அன்று சந்திரன் பூமிக்கு மிகத் தொலைவான நிலையில் இருந்ததாக முன்னோர் கணித்தனர். அந்நிலையை விட்டு நீங்கி மீண்டும் அதனை எய்தச் சந்திரனுக்கு ஏறத்தாழ இருபத்தேழரை நாள் ஆகிறது. முழு நாள்களில் அடங்காத இச்சுற்றை எவ்வாறு கணக்கில் அடக்குவது?

அதற்கு மூன்று எண்களைத் தேர்ந்தனர். 248 நாளில் 9 சுற்றுகளும், 3,031 நாளில் 110 சுற்றுகளும், 12,372 நாளில் 449 சுற்றுகளும் ஏறத்தாழ நிறைவுறும். இவை தனித்தனி எண்கள் அல்ல, ஒரே குடும்பத்தவை. 248ஐப் பன்னிரண்டு மடங்காக்கி 55ஐக் கூட்டினால் 3,031. அதனை நான்கு மடங்காக்கி 248ஐக் கூட்டினால் 12,372. சுற்றுகளின் எண்ணிக்கையும் இவ்வாறே வளர்வதை நீங்களே சரிபார்க்கலாம்.

இவற்றின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். 1825 மே 31ஆம் நாள் கலி தொடங்கி 17,99,312 நாள்கள் கழிந்திருந்தன. அதிலிருந்து நம் பேரெண்ணைக் கழித்தால் எஞ்சுவது 1,98,328. அதில் 12,372 பதினாறு முறை போக, மீதி 376. அதில் 3,031 அடங்காது. 248 ஒருமுறை போக, மீதி 128. பதினெட்டு இலட்சத்தை நெருங்கிய எண் 128 ஆகச் சுருங்கிவிட்டது! 248 நாள்களுக்கும் 248 வாக்கியங்கள் உண்டு; அவற்றின் எழுத்துகளே இலக்கங்கள். 128ஆம் வாக்கியத்தை நினைவுகூர்ந்தால் சந்திரனின் நிலையைக் கணிக்க வழி பிறக்கும்.

அந்நாளில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், ஏட்டில் எழுதாது, தரையில் சோழிகளை அடுக்கியே கணித்துக் காட்டினார். ஜான் வாரன் தமது ‘காலசங்கலிதம்’ என்னும் நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். தொடக்கத்தைக் கணித்ததில் பிழை 4 நிமிடமே. முடிவில் அது 52 நிமிடமாயிற்று. நினைவாற்றலை மட்டும் துணைக்கொண்ட கணிதத்தின் வலிமையும் எல்லையும் இதனால் விளங்குகின்றன.

இனி அவ்வெண்ணைக் காரணிகளாகப் பிரிப்போம். 8, 7, 11, 23, 113 ஆகியவற்றைப் பெருக்கினால் 16,00,984 வரும். காரணிகளுள் ஏழும் ஒன்றாதலின், கலி தொடங்கிய கிழமையே 1282 மே 22க்கும் உரியது. அதுவும் வெள்ளிக்கிழமையே!

மாணவர்களே, 2000 சனவரி 1ஆம் நாள் கலியில் 18,63,079 நாள்கள் கழிந்திருந்தன. அதனோடு நாள்களைக் கூட்டி உங்கள் பிறந்த நாளின் கலி எண்ணைக் காணுங்கள். ஏழால் வகுத்து வரும் மீதியை வெள்ளிக்கிழமை முதல் எண்ணினால் கிழமை தெரியும். மீதி சுழியமாயின் வெள்ளி, ஒன்றாயின் சனி. பின்னர் மேற்கூறிய முறையில் கழித்து, உங்களுக்குரிய வாக்கிய எண்ணையும் கண்டறியுங்கள். பேரெண்ணைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. மீதியைக் காணத் தெரிந்தவருக்கு அது கைக்குள் அடங்கும்.