முடிந்தது சரி, எவ்வளவு நேரத்தில் முடிந்தது?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது பேசுப்பா, ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடு" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். அதனால் தெரியாத விஷயத்துக்குள் போகாமல் என் பிழைப்பைப் பற்றியே பேசுகிறேன். வேதியியல் படித்துவிட்டு கம்ப்யூட்டர் பக்கம் ஒதுங்கியவன் நான். மற்றவர்கள் பகலெல்லாம் சேர்த்து வைக்கும் தகவல்களை ராத்திரியில் இன்னொரு இயந்திரத்துக்கு நகல் எடுத்து வைப்பது என் உத்தியோகம். பேக்கப் என்பார்கள். ஒழுங்காக நடந்தால் ஒருவருக்கும் தெரியாது. நடக்காவிட்டால் ஊருக்கே தெரியும்.

2014ஆம் ஆண்டு ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். நோயாளிகளின் ஸ்கேன் படங்கள், பரிசோதனை முடிவுகள் எல்லாம் ஒரு சர்வரில் இருக்கும். ராத்திரி 10 மணிக்கு ஆர்சிங்க் என்ற நிரல் தானாக ஓடி அவற்றைப் பேக்கப் இயந்திரத்துக்குக் கொண்டுபோகும். 1996இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் வெளியிட்ட நிரல் அது. நேற்றைக்கும் இன்றைக்கும் எது மாறியிருக்கிறதோ அதை மட்டும் அனுப்பும். காலையில் எனக்கு ஒரு மெயில் வரும்: "வேலை வெற்றிகரமாக முடிந்தது." படித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

ஒரு நாள் காலையில் போனேன். சர்வரில் ஒரே இரவில் இரண்டு டிஸ்க்குகள் செத்துப்போயிருந்தன. "கவலைப்படாதீங்க சார், பேக்கப் இருக்கு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். திறந்து பார்த்தால் கடைசி 19 நாள் படங்கள் ஒன்றுகூட இல்லை.

நடந்தது இதுதான். 19 நாளுக்கு முன்னால் ஒரு மின்தடை. பேக்கப் இயந்திரம் அணைந்து மறுபடி எழுந்தபோது, சர்வரின் டிஸ்க்கைத் தன்னோடு இணைத்துக்கொள்ளவில்லை. இணைப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காலி ஃபோல்டர். ஆர்சிங்க் ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் காலி ஃபோல்டரை அக்கறையாக நகல் எடுத்தது. பிழை எதுவும் இல்லையே! அதனால் "வெற்றி" என்று மெயில் அனுப்பியது. அது பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை.

அன்று மதியம் ஒரு பாட்டி மஞ்சள் பையோடு வந்தார். பத்து நாளுக்கு முன் எடுத்த ஸ்கேனோடு புதியதை ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் வரச் சொல்லியிருந்தாராம். "அன்னைக்கு எடுத்த படம் உள்ளதானே தம்பி இருக்கும்?" என்று என்னைத்தான் கேட்டார். இல்லை என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இன்னொரு தடவை எடுத்துக்கலாமா?" என்றார். எடுத்துக்கலாம், பணமும் வாங்கவில்லை. ஆனால் பத்து நாளுக்கு முந்தைய உடம்பை எந்த இயந்திரத்தில் படம் எடுப்பது?

அன்று ராத்திரி வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து பழைய பதிவேட்டைப் புரட்டினேன். அதைத்தான் லாக் என்கிறோம். அந்த மின்தடை வரைக்கும் தினமும் 40, 50 நிமிடம் ஓடிய வேலை, அதற்குப் பிறகு 2 விநாடியில் முடிந்திருந்தது. 19 நாளும் அதே 2 விநாடி. கடைசி வரியில் மொத்த அளவு சைபர் என்று எழுத்துக்கு எழுத்து எழுதியிருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை.

அப்போது நம் வேதியியல் ஆய்வுக்கூடம் ஞாபகம் வந்தது. பியூரெட் சோதனையில் விடையை மட்டும் எழுதிக்கொண்டு போனால் நம் பேராசிரியர் ரெக்கார்டு நோட்டைத் தூக்கிப் போடுவார். "ஆரம்ப அளவு எங்கே? இறுதி அளவு எங்கே? விடையை மட்டும் எழுதுறவன் பக்கத்து டேபிளைப் பார்த்து எழுதினவன்டா!" முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார் பாருங்கள், ஐயா அவர்களேதான். நான் மறந்துபோன பாடம் அதுதான், ஐயா.

இப்போது என்ன செய்கிறேன் என்பதைச் சொல்கிறேன். இந்தத் துறையில் இருக்கும் தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளலாம். வண்ண வண்ணத் திரைகள் வேண்டாம். கறுப்புத் திரையில் கட்டளை அடித்தாலே போதும். ஆர்சிங்க்குக்கு லாக் ஃபைல் ஒன்றைக் கொடுத்து, ஸ்டாட்ஸ் என்ற விருப்பத்தையும் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு வரிக்கும் தேதியும் மணியும் போட்டு எழுதிவிடும். முதல் வரியின் மணியை ஹெட் காட்டும், கடைசி வரியின் மணியை டெயில் காட்டும். இரண்டையும் கழித்தால் எடுத்துக்கொண்ட நேரம். கடைசி இரண்டு வரிகளில் அனுப்பிய பைட், விநாடிக்கு எத்தனை பைட், மொத்த அளவு மூன்றும் இருக்கும். கிரெப் கட்டளையால் அந்த வரிகளை மட்டும் ஒரு மாதத்துக்கு இழுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகம் பார்க்க வேண்டுமா, ப்ராக்ரஸ்2 என்ற விருப்பம் இருக்கிறது. ப்ராக்ஸ்மாக்ஸ் வைத்திருப்பவர்கள் பிவிஇஎஸ்ஆர் ஸ்டேட்டஸ் என்று அடித்தால், ஒவ்வொரு நகல் வேலையும் கடைசியாக எப்போது ஓடியது, எத்தனை விநாடி பிடித்தது, எத்தனை முறை தோற்றது என்று வரிசையாக வரும்.

இதோடு, வேலை தொடங்கும் முன் மவுண்ட்பாயிண்ட் என்ற சின்னக் கட்டளையால் டிஸ்க் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று பார்க்கவும் வைத்துவிட்டேன். இல்லையென்றால் வேலை தொடங்கவே தொடங்காது. எனக்குத் திட்டு மெயில் வரும்.

நேரம் குறைந்தால்தான் ஆபத்து என்றில்லை, கூடினாலும் விசாரிக்க வேண்டும். பின்னாளில் வேறோர் இடத்தில், 40 ஜிகாபைட் நகல் 6 நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்தது, திடீரென்று ஒரு மணி நேரம் பிடித்தது. வேகத்தைப் பார்த்தேன். விநாடிக்கு 110 மெகாபைட் இருந்தது 11 ஆகியிருந்தது. சரியாகப் பத்தில் ஒரு பங்கு என்றதும் பொறி தட்டியது. ஜிகாபிட் வேகத்துக்குக் கேபிளில் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி அறுந்தால் இயந்திரம் சத்தமில்லாமல் கீழே இறங்கி ஓடும். போய்ப் பார்த்தால் யாரோ பீரோவை நகர்த்தி அதன் காலைக் கேபிள் மேலேயே வைத்திருந்தார்கள்! கேபிளை மாற்றியதும் மறுபடி 6 நிமிடம்.

இன்னொரு கணக்கு. திரும்ப எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட், அதாவது மணிக்கு 45 ஜிகாபைட். 400 ஜிகாபைட் திரும்ப வர ஏறத்தாழ 9 மணி நேரம். ராத்திரி டிஸ்க் போய் 10 மணிக்கு ஆரம்பித்தால் காலை 7 மணி. அதற்குள் புறநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டியிருக்கும். இதை டிஸ்க் போன பிறகு கணக்குப் போடக்கூடாது.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் இரண்டாவது சர்வருக்குப் போகும் நகல் பின்தங்கிப்போக, அதைச் சரிசெய்யப் போனவர் தவறுதலாக மூல சர்வரிலேயே அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், நிரலின் பதிப்பு பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் உரியவர்களைப் போய்ச் சேரவில்லை. நல்லவேளையாக 6 மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காக எடுத்த ஒரு நகல் இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவரவே, டிஸ்க் வேகம் குறைவாக இருந்ததால், சுமார் 18 மணி நேரம் ஆயிற்று. அத்தனையையும் மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

நண்பர்களே, நம் வயதில் எல்லோரும் ஏதோ ஒன்றைக் காத்து நிற்கிறோம். ஒருவர் கணக்கு, ஒருவர் பள்ளிக்கூடம், ஒருவர் வயதான அப்பா அம்மா. "எல்லாம் நல்லா இருக்கு" என்று தினமும் ஒரே பதில் வந்தால், அந்தப் பதிலோடு திருப்திப்படாமல் ஒரு தடவை பக்கத்தில் போய் அளந்து பாருங்கள்.

கடைசியாகச் செயலாளருக்கு ஒரு வார்த்தை. நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் முந்தைய சந்திப்புகளின் புகைப்படங்களும் உங்கள் சட்டைப் பையில் இருக்கும் அந்த ஒரே பென் டிரைவில்தான் இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். சாப்பாடு ஆனதும் என்னை வந்து பாருங்கள். நகல் எடுப்போம். எத்தனை நிமிடம் பிடித்தது என்றும் எழுதி வைப்போம்.