தேசியமும் மதமும்: போலந்து தரும் பாடம்



அந்நிய ஆட்சி தொலைந்தால் மற்றக் கொடுமைகளெல்லாம் தாமாகவே தொலைந்துவிடும் என்பவர்களுக்கு, போலந்து தேசத்து ரோமான் த்மோவ்ஸ்கியின் சரித்திரத்தை எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் 1772 முதல் 1795-க்குள் மூன்று தடவையாகப் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டன. ருஷ்யர் வசமிருந்த வார்சா நகருக்கருகில் 1864-ல் பிறந்தவர் த்மோவ்ஸ்கி. உழைத்துப் பிழைத்த குடும்பத்தவர். சர்வகலாசாலையில் ஜீவ சாஸ்திரம் படித்தார். தேசியக் கிளர்ச்சிக்காகச் சிறை சென்றார். 1903-ல் ‘தற்காலப் போலந்தியனின் எண்ணங்கள்’ என்னும் புஸ்தகம் எழுதி, சொந்த ஜனங்களின் சோம்பலையும், பழம்பெருமை பேசும் பிரபுக்களையும் தாட்சண்யமின்றிக் கண்டித்தார். 1919-ல் வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் போலந்தின் சார்பாகக் கையெழுத்திட்ட இருவரில் இவர் ஒருவர். இவையெல்லாம் பெருமைக்குரியவையே, நாம் மறுக்கவில்லை.

ஆனால், தோழர்களே! தேசம் என்றால் யார்? இக்கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் விஷம். விடுதலையடைந்த போலந்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஜனங்கள் யூதர், உக்ரேனியர், பெலாருஷியர், ஜெர்மானியர் ஆகியோர். இவரோ 1912-லேயே, தேர்தலில் தோற்றதும், யூதர் கடைகளைப் பகிஷ்கரிக்கச் செய்தவர். 1922-ல் சிறுபான்மையோர் ஓட்டும் சேர்ந்து நருடோவிச் முதல் ஜனாதிபதியானபோது, இவருடைய கட்சியார் கூச்சல் கிளப்பினார்கள். பதவியேற்ற ஐந்தாம் நாளே தேசிய வெறிகொண்ட ஓர் ஓவியன் அவரைச் சுட்டுக் கொன்றான். 1927-லோ, கத்தோலிக்க மதமே போலந்தியத் தன்மையின் சாரம் என்று த்மோவ்ஸ்கி எழுதினார்.

சாஸ்திரம் படித்தவர் ஏன் கோவிலண்டை போனார்? நாம் சொல்லுகிறோம்: ஒருவனை உள்ளே சேர்க்கவும் மற்றவனை வெளியே தள்ளவும் மதத்தைப்போல் வசதியான வேலி வேறில்லை.

பலன் என்ன? 1937-ல் சர்வகலாசாலைகளில் யூத மாணவர்களுக்குத் தனிப் பெஞ்சு ஏற்பட்டது. அதில் உட்கார மறுத்து, பாடம் முடியும்வரை நின்றுகொண்டே கேட்ட மாணவர்கள் உண்டு. அதுவல்லவோ சுயமரியாதை!

1939 ஜனவரியில் த்மோவ்ஸ்கி இறந்தார். செப்டம்பரில் ஹிட்லர் படை புகுந்தது. பின்னர் சுமார் 30 லட்சம் போலந்து யூதர் கொல்லப்பட்டனர். அக்கொலை நாஜிகள் செய்தது. அதை த்மோவ்ஸ்கி தலையில் சுமத்துவது நியாயமாகாது. ஆனால் பக்கத்து வீட்டானை அந்நியன் என்று எண்ணும்படி ஒரு தலைமுறைக்குக் கற்பித்த குற்றம் அவருடையதே.

ஆகவே தோழர்களே! எஜமானன் போய்விட்டான் என்று யாராவது சொன்னால், பெஞ்சு ஒன்றாகிவிட்டதா என்று கேளுங்கள்.