மெய்நிகர் இயந்திரத்தில் ஒலி: கருத்தரங்கத் தலைமை உரை



வரிச்சிக்குடியில் கூடியிருக்கும் இக்கருத்தரங்கிற்கு, பக்கத்துத் திருவேட்டக்குடியிலே தேசியத் தொழில்நுட்பக் கழகமும் அதன் பேராசிரியர்களும் இருக்க, என்னை அக்கிராசனம் வகிக்கப் பணித்தது எனக்குப் பெருமையையும், அதற்குச் சற்றும் குறையாத நடுக்கத்தையும் ஒருங்கே தந்திருக்கிறது.

இன்றைய விஷயம் மெய்நிகர் இயந்திரத்தில் ஒலி உள்ளீட்டையும் வெளியீட்டையும் அமைத்தல். விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஏசி97 அட்டையைக் காட்ட வேண்டும் என்பதும், பின்வந்த 64 பிட் விண்டோஸுக்கு 2004-இல் தோன்றிய இன்டெல் எச்டி ஆடியோவே பொருந்தும் என்பதும், விர்ச்சுவல்பாக்ஸில் ஒலி உள்ளீடு இயல்பாக அணைந்தே கிடக்கும் என்பதும் தாங்கள் அறிந்தவை. மேக் கணினி 2018 முதல் மைக்குக்கு அனுமதி கேட்கிறது. அனுமதி கிடைக்காத மெய்நிகர் இயந்திரம் பெரும்பாலும் பிழைச் செய்தி ஏதுமின்றி வெறும் நிசப்தத்தைப் பதிவு செய்துகொண்டிருக்கும். இவற்றைக் கட்டுரையாளர்கள் விரிப்பார்கள். நான் கடந்து செல்கிறேன்.

எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. மெய்நிகர் இயந்திரத்தில் ஒலி கரகரத்தால், போலி ஒலி அட்டையை மாற்று என்பதே நம்மிடையே வழங்கும் வைத்தியம். இக்கொள்கையை மிகுந்த சாதுரியத்தோடு நிலைநாட்டிய நண்பர் ஒருவர் இதோ முன்வரிசையில் வீற்றிருக்கிறார். அவருடைய புலமையில் எனக்குள்ள மதிப்பு குறைந்ததில்லை, அவருடைய முடிவை மட்டுமே நான் இன்றளவும் ஏற்கவில்லை.

போபெக், கோல்ட்பர்க் இருவரும் 1974-இல் எழுதிய கட்டுரையை நம்மில் மேற்கோள் காட்டாதவர் இல்லை. மெய்நிகர் இயந்திரத்தில் ஓடும் நிரல், அசல் இயந்திரத்தில் ஓடினால் எவ்வாறு நடக்குமோ அவ்வாறே நடக்க வேண்டும் என்ற அவர்களுடைய நிபந்தனையை மாணவரும் ஒப்பிப்பர். ஆனால், அந்த நிபந்தனையோடு சேர்த்தே, வளங்களின் அளவாலும் காலத்தைச் சார்ந்த நிகழ்வுகளாலும் விளையும் வேறுபாடுகளுக்கு அவர்கள் விலக்கு அளித்திருக்கிறார்கள் என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? கணக்கு தாமதமாக முடிந்தாலும் விடை விடைதான். ஒலியோ தாமதித்த கணமே பிழையாகிறது. ஆதலின், அவ்விருவரும் விலக்கி வைத்த இடத்திலேதான் நம்முடைய இன்றைய விஷயம் முழுவதும் குடியிருக்கிறது.

நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில், பத்து மில்லிநொடிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும் கெமு என்னும் மெய்நிகராக்க மென்பொருள், ஒவ்வொரு முறையும் 480 மாதிரிகளை நகர்த்த வேண்டும். மெய்நிகர் இயந்திரத்தைத் தாங்கும் வெளிக்கணினி அந்த நேரத்தில் வேறு பணிக்குச் செயலியைக் கொடுத்துவிட்டால், உள்ளே ஓடும் இயங்குதளம் தான் உறங்கியதையே அறியாது. அட்டை என்ன பாவம் செய்தது? முறை வைத்துத் திறந்துவிடும் காவிரித் தண்ணீரைக் கடைமடையில் எதிர்பார்க்கும் உங்களுக்கு, இடையில் ஒரு குளம் இருப்பதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. இடைத்தேக்ககம் என்பதும் அதுவே. அட்டையை மாற்றியதும் கரகரப்பு நின்றதென்றால், பெரும்பாலும் அதனோடு தேக்ககத்தின் அளவும் மாறியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு ஆட்சேபம் சொல்வோர், தேக்ககத்தைப் பெரிதாக்கிவிட்டால் போயிற்று என்பர். யாருக்குப் போயிற்று? பாட்டுக் கேட்பவருக்குக் கால் நொடி தாமதம் பொருட்டன்று. ஆனால் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானை இ-ஸ்பீக்கின் தமிழ்க் குரலில் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்யும் பார்வையற்ற ஒருவருக்கு, தட்டிய எழுத்து கால் நொடி கழித்து ஒலிக்குமானால் அவர் வேலையே நின்றுவிடும். காமன் வாய்ஸ் திட்டத்துக்குத் தமிழ் வாக்கியங்களைப் பதிவு செய்பவருக்கோ நிலைமை நேர்மாறு: தாமதத்தால் அவருக்கு நஷ்டமில்லை, இடையிலே ஓரசை விடுபட்டால் அப்பதிவு வீண். உள்ளீட்டுக்குப் பெரிய தேக்ககமும் வெளியீட்டுக்குச் சிறியதும் வேண்டும் என்பது இதனால் பெறப்படும். 2019-இல் வெளிவந்த 4.0 பதிப்பு முதல் கெமுவின் ஆடியோடெவ் என்னும் அமைப்புக் கட்டளை இரண்டையும் தனித்தனியே நிர்ணயிக்க இடங்கொடுத்திருந்தும், நம் கட்டுரைகள் இரண்டுக்கும் ஒரே எண்ணை எழுதி வருகின்றன.

வாதத்தை முடிவு செய்ய ஒரு சாட்சி இருக்கிறது. அதை எவரும் அழைப்பதில்லை. கெமுவில், ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் நேரே வேவ் கோப்பாக எழுதிவைக்கும் வழி ஒன்று உண்டு. அக்கோப்பு தெளிவாக ஒலித்தால், போலி அட்டையையும் உள் இயங்குதளத்தையும் விட்டுவிட்டு வெளிக்கணினியின் ஒலிப்பாதையைச் சோதிக்க வேண்டும். கோப்பிலேயே கரகரப்பு இருந்தால், செயலி கிடைக்காமல் உள்ளே நேரம் நழுவியதா என்று முதலில் பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் செய்த பின்னரும் குற்றம் எஞ்சுமாயின், அப்பொழுது அட்டையை விசாரிக்கலாம். அதற்கு நான் தடை சொல்லேன்.

அட்டைகளை ஒப்பிடும் கட்டுரை பிற்பகல் அமர்வில் வாசிக்கப்பட இருக்கிறது. அதை எழுதிய நண்பர் தம் அட்டவணையோடு வேவ் கோப்புகளையும் கொண்டுவந்திருப்பாரானால், அவற்றைச் சபையில் ஒலிக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கொண்டுவரவில்லையானால், உணவு இடைவேளையில் அவற்றை எடுப்பதற்கு என் மடிக்கணினியைத் தரச் சித்தமாயிருக்கிறேன்.